நாளொன்றுக்கு நான்கு நிமிடம்

செப்டம்பர் கடைசி வாரம் வந்தால் என் மகளின் கோட்டுப் பை கனக்கத் தொடங்கிவிடும். தென்கிழக்கு லண்டனில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு பெரிய மரம் நிற்கிறது. பள்ளி விட்டு வரும்போது அதனடியில் குனியாமல் அவள் வீடு திரும்பியதில்லை. பைக்குள் கையை விட்டால் வழுவழுவென்று ஏழெட்டுக் கொட்டைகள். புதிதாக எண்ணெய் தேய்த்த தேக்குக் கதவின் நிறம். ஒரு பக்கம் மட்டும் வெளிறிய வட்டம். அதை மூடியிருக்கும் பச்சைத் தோலைப் பார்த்தால் ஊமத்தங்காய் நினைவுக்கு வரும். அதே உருண்டை, அதே முள். தோல் பிளந்து விழுந்த காய்க்குள், வெள்ளை மெத்தை மாதிரியான சதையில் கொட்டை ஈரம் காயாமல் கிடக்கும். அந்தப் பளபளப்புக்கு ஆயுள் இரண்டு மூன்று நாள்தான். பிறகு மங்கிவிடும்.

“அப்பா, இதைத் தின்னலாமா?” முதல் வருஷம் அவள் கேட்டாள். கூடாது. மரத்தின் பெயர் ஹார்ஸ் செஸ்ட்நட். செஸ்ட்நட் என்று பெயரில் இருந்தாலும், சுட்டுத் தின்கிற செஸ்ட்நட்டுக்கும் இதற்கும் உறவில்லை. இதன் சொந்தக்காரர் நம்முடைய பூந்திக்கொட்டை. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டிலும் நுரைக்கும் சப்போனின் இருக்கிறது. கொட்டையை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால் துணி துவைக்கலாம், வயிற்றுக்குள் போனால் வாந்திதான். இதில் எஸ்குலின் என்ற நச்சுப் பொருளும் உண்டு. ஒருநாள் மாலை, கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு புற ஊதா விளக்கை வைத்துக்கொண்டு, இம்மரத்தின் சுள்ளி ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டோம். வெட்டிய முனையிலிருந்து நீல நிறப் புகை ஒன்று ஒளிர்ந்தபடி தண்ணீருக்குள் மெல்ல இறங்கியது. எஸ்குலின் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். மகள் அன்று ராத்திரி தூங்குவதற்கு வெகுநேரம் ஆனது.

இந்தக் கொட்டைக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் கான்கர். நடுவில் துளை போட்டு, கயிறு கோத்து, ஒருவர் தொங்கவிட இன்னொருவர் தன் கொட்டையால் ஓங்கி அடிப்பார். யாருடையது உடைகிறதோ அவர் தோற்றார். வினிகரில் ஊறப்போட்டும் அடுப்பில் வாட்டியும் கொட்டையை இறுக்கிக்கொண்டு வரும் கைகாரர்கள் உண்டு. இந்த விளையாட்டைப் பற்றிக் கிடைக்கும் பழைய பதிவு 1848-ஆம் ஆண்டு வைட் தீவில் இருந்து. அதற்கு முன் நத்தை ஓட்டையும் ஹேசல் கொட்டையையும் மோதவிட்டு ஆடியிருக்கிறார்கள். மரமே இந்த மண்ணுடையதல்ல. பால்கன் மலைப்பகுதியிலிருந்து சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து நட்டது. நார்தாம்ப்டன்ஷயரில் 1965-இல் மீன்பிடிக்கப் போக முடியாதபடி வானிலை கெட்டுவிட, சில தூண்டில்காரர்கள் பொழுதுபோக்காக கான்கர் ஆடினார்கள். அது இன்று ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கும் உலகச் சாம்பியன் போட்டியாக வளர்ந்து நிற்கிறது.

வீட்டு மூலைகளில் கான்கரை வைத்தால் சிலந்தி வராது என்று பக்கத்து வீட்டுப் பாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். செப்டம்பரில் பெரிய கால்கள் வைத்த சிலந்திகள் வீட்டுக்குள் ஓடுவது உண்மைதான். துணை தேடி அலையும் ஆண்கள் அவை. ஆனால் கான்கருக்கும் அவற்றுக்கும் எந்தப் பகையும் இல்லை. ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி விடுத்த அறைகூவலை ஏற்று, கார்ன்வாலில் ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இதைச் சோதித்தார்கள். சிலந்திகள் கொட்டைகளின் மேலேயே நடந்து போயின.

ஆனால் இந்தக் கொட்டை ஒருமுறை போருக்குப் போயிருக்கிறது.

1917. முதல் உலகப் போரின் நான்காவது இலையுதிர்காலம். பிரிட்டனின் பீரங்கிக் குண்டுகளைத் தள்ளியது கார்டைட் என்ற புகையற்ற வெடிமருந்து. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் ஒன்றாகக் குழைத்து நூல் மாதிரி இழுக்க அசிட்டோன் வேண்டும். இன்று நகப்பூச்சை அழிக்கக் கடையில் வாங்குகிற அதே திரவம். அந்தக் காலத்தில் மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கி வடித்து எடுத்தார்கள். ஒரு சொட்டுக்கு ஒரு காடு கேட்கும் வேலை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியலாளர் கைம் வைஸ்மான் வேறு வழி கண்டார். மாவுச்சத்தைத் தின்று அசிட்டோனும் பியூட்டனாலும் கக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்தார். நம் வீட்டில் தோசை மாவு புளிக்கிறதே, அதே தத்துவம், நுண்ணுயிர்தான் வேறு. இந்த வைஸ்மான்தான் பின்னாளில், 1949-இல், இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானார்.

1917-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடித்தன. மனிதன் சாப்பிடவே சோளம் போதாதபோது பாக்டீரியாவுக்கு எங்கே கொடுப்பது? மாவுச்சத்து வேண்டும், யாரும் தின்னாததாகவும் இருக்க வேண்டும். நாடு முழுக்கத் தெருவோரம் கொட்டிக் கிடந்தது கான்கர். பள்ளிக்கூடங்களுக்கு அறிவிப்பு போனது: பொறுக்குங்கள், போருக்கு மிகவும் வேண்டிய பொருள். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதல்லவா. பிள்ளைகள் சாக்குச் சாக்காகப் பொறுக்கினார்கள். சேர்ந்ததை ஏற்றிச் செல்ல ரயில் பெட்டிகள் போதாமல், பல நிலையங்களில் குவியல்கள் அப்படியே அழுகின. நார்ஃபோக்கில் கிங்ஸ் லின் ஆலைக்குச் சுமார் 3,000 டன் வந்து சேர்ந்தது. 1918 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, கொட்டை நன்றாகப் புளிக்காமல், விளைச்சல் தேறாமல், ஜூலையில் நின்றுபோனது.

தோற்றுப்போன திட்டம் என்று இதை இரண்டு வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடந்துபோக முடியவில்லை. அண்ணனோ அப்பாவோ போர்முனையில் இருக்க, எதற்கென்றே தெரியாமல் குளிர்ந்த விரல்களால் பொறுக்கிய பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன். விளையாட வைத்திருந்ததையும் சேர்த்துத்தானே கொடுத்திருப்பார்கள்? கார்டைட் என்ற சொல்லும் எனக்கு அந்நியமில்லை. குன்னூருக்குக் கொஞ்சம் தள்ளி, நீலகிரி மலை ரயில் நிற்கும் அரவங்காட்டில் 1903 முதல் ஒரு கார்டைட் ஃபேக்டரி இருக்கிறது. ஊருக்கு அடையாளமே அதுதான். அந்தப் பெயருக்குள் இருப்பது இந்த வெடிநூல் என்பது இங்கே வந்து கான்கரின் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, கொட்டை விழுகிற இதே வாரங்களில் வானத்தில் என்ன நடக்கிறது? ஜூன் மாதத்தின் நீண்ட நாளில் லண்டனில் பகல் 16 மணி 38 நிமிடம். டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை. இடையில், செப்டம்பர் 22, 23 வாக்கில், பகல் தேயும் வேகம் உச்சத்தில் இருக்கும். நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம். ஒரு வாரத்தில் அரை மணி நேர வெளிச்சம் போய்விடும். சென்னையில் அதே நாட்களில் பகல் குறைவது தினமும் முக்கால் நிமிடம்கூட இல்லை. ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால்தான் நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர் அக்டோபர் தூக்கிவாரிப் போடுகிறது. போன வாரம் வெளிச்சத்தில் வீடு திரும்பிய அதே ரயிலில் இந்த வாரம் இருட்டில் திரும்புகிறோம்.

மரங்கள் இதை நம்மைவிட முன்னாலேயே எண்ணத் தொடங்கிவிடுகின்றன. இலையில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் ஓர் உருவம், இருட்டில் மெல்ல இன்னோர் உருவம். எந்த உருவத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை வைத்து இரவின் நீளத்தை மரம் அறிகிறது. தெருவிளக்கை ஒட்டிய கிளை மட்டும் மற்றக் கிளைகள் மொட்டையான பிறகும் பச்சையாக நிற்பதை நியூயார்க்கில் 1930-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவிலும் விளக்குக் கம்பத்துக்கு நேரே ஒரு கொத்து இலை நவம்பர் நடு வரை தொங்கும். அந்தக் கிளைக்கு இன்னும் இரவு நீளவில்லை.

நம் ஊரில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். மழை முடிந்து மண் வறளும் காலம். அங்கே மரம் பார்ப்பது தண்ணீர்க் கணக்கு. இங்கே வெளிச்சமும் குளிரும் சேர்ந்த கணக்கு. மண்ணில் நீர் உறைந்துபோனால் உறிஞ்ச முடியாது, மெல்லிய இலை பனியைத் தாங்காது, மங்கல் வெயிலில் சமைப்பதற்கும் ஒன்றுமில்லை. எனவே கடையைக் கட்ட வேண்டும். ஆனால் சாமான்களை எடுத்து வைக்காமல் யாராவது கடையைக் கட்டுவார்களா? இலையில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் மரத்துக்குப் பொன் மாதிரி. அவற்றில் ஏறக்குறைய பாதியைக் கிளைக்கும் தண்டுக்கும் திருப்பி இழுத்துக்கொண்ட பிறகே இலையைக் கைவிடும்.

அந்த வேலைக்காக முதலில் பச்சையத்தைப் பிரித்துப் போடுகிறது. பச்சை போனதும், கோடை முழுக்க அதற்கடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் வெளியே தெரிகிறது. காரட்டுக்கும் முட்டைக் கருவுக்கும் நிறம் தருகிற அதே குடும்பம். ஆக, மஞ்சள் புதிதாக வந்ததல்ல. சிவப்பு அப்படியில்லை. இறக்கப்போகிற இலைக்குள், கடைசி நாட்களில், சர்க்கரையைச் செலவழித்துப் புதிதாக ஆந்தோசயனினை உண்டாக்குகிறது மரம். நாவல் பழத்தின் நிறம் அது. பகலில் வெயில், இரவில் குளிர் என்று தொடர்ந்தால் சிவப்பு இன்னும் ஏறும்.

உதிர்க்கப்போகிற ஒன்றுக்கு ஏன் இவ்வளவு செலவு? ஒரு தரப்பு, இது குடை என்கிறது. பச்சையத்தைப் பிரிக்கும்போது வெயிலைக் கையாள இலையால் முடியாது, மிஞ்சிய ஒளி செல்களைச் சேதப்படுத்தும். சிவப்பு அதை மறைத்து, உள்ளே சரக்கு இழுக்கும் வேலை முடியும்வரை காப்பாற்றுகிறது. இன்னொரு தரப்புக்குத் தொடக்கம் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் பரிணாம உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன். அவர் இறந்த மறு ஆண்டு, 2001-இல், வெளியான கட்டுரையில் சொன்னது: சிவப்பு ஒரு எச்சரிக்கை. குளிர்காலத்துக்கு முட்டையிட மரம் தேடும் அசுவினிகளிடம், ‘எனக்கு வலு இருக்கிறது, வேறு இடம் பார்’ என்று மரம் அறிவிக்கிறதாம். நான் குடையின் பக்கம் சாய்கிறேன். குளிரும் வெயிலும் சேர்ந்த ஆண்டுகளில் சிவப்பு கூடுவதற்கு அது நேரடியாகப் பதில் சொல்கிறது. ஆனால் ஹாமில்டனின் எண்ணம் வந்த பிறகுதான் பூச்சியின் கண்ணால் மரத்தைப் பார்க்கப் பலரும் பழகினார்கள்.

எங்கள் முனை மரத்துக்கு மட்டும் இந்த மஞ்சளும் வாய்ப்பதில்லை. ஆகஸ்டிலேயே இலையெல்லாம் தீய்ந்த தோசை மாதிரி பழுப்பாகிவிடுகிறது. நோய் என்று பலரும் நினைப்பார்கள். செய்வது அரை சென்டிமீட்டர் அந்துப்பூச்சி. அதன் புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையில் சுரங்கம் தோண்டி உள்ளிருப்பதைத் தின்கிறது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே புழு இருப்பது தெரியும். 1980-களில் மாசிடோனியாவின் ஓஹ்ரித் ஏரிப் பக்கம் முதலில் கண்ணில் பட்ட இது, 2002-இல் லண்டன் விம்பிள்டனுக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்ற புதிருக்கு விடை கிடைத்தது பழைய தாவரப் பொதிகளில். 1879-இல் கிரேக்கத்தில் பறித்து உலர்த்திய ஹார்ஸ் செஸ்ட்நட் இலைக்குள், நசுங்கிய புழுக்கள் அப்படியே இருந்தன. நூறாண்டுக்கு மேலாக மரத்தின் சொந்த மலையிலேயே அதுவும் இருந்திருக்கிறது. இதனால் மரம் சாவதில்லை. கான்கர்தான் சிறுத்துப் போகிறது.

இலை விழுவதைக் காற்றின் வேலை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். காற்று கடைசித் தட்டு தட்டுகிறது, அவ்வளவே. காம்பும் கிளையும் சேரும் இடத்தில் மெல்லிய உதிர் அடுக்கு ஒன்று இருக்கிறது. இலை நலமாக இருக்கும்வரை ஆக்சின் என்ற ஹார்மோனைக் கிளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அது குறைந்ததும் எத்திலீனின் கை ஓங்குகிறது. வாழைத்தாரைப் பழுக்கவைக்கிற அதே வாயு. உதிர் அடுக்கின் செல்களை ஒட்டியிருக்கும் பசை கரைகிறது. மறுபக்கம் தக்கை படிந்து காயம் மூடிக்கொள்கிறது. ஹார்ஸ் செஸ்ட்நட்டின் இலை விழுந்த இடத்தை உற்றுப் பாருங்கள்: குதிரை லாடத்தின் அச்சு, வளைவு நெடுக ஆணி அறைந்தது போல ஏழெட்டுப் புள்ளிகள். நீரும் சர்க்கரையும் ஓடிய குழாய்களின் முனைகள் அவை. மரத்தின் பெயரில் குதிரை வந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

விழுந்த இலை நேரே தண்டவாளத்துக்குப் போகிறது. போன நவம்பரில் ஒருநாள் காலை, நடுவழியில் நாற்பது நிமிடம் ரயில் நின்றது. தண்டவாளத்தில் இலை என்று அறிவித்தார்கள். பெட்டியில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். இலைக்கா ரயில் நிற்கும் என்று நானும் முதலில் நினைத்தவன்தான். ஆனால் இது மெய்யான இடர். ஈர இலையைச் சக்கரம் பல டன் எடையில் நசுக்கும்போது தண்டவாளத்தின் மேல் கறுப்பாக, கண்ணாடி மாதிரி வழுக்கும் ஒரு படலம் ஒட்டிக்கொள்கிறது. பிரேக் பிடித்தால் சக்கரம் சறுக்கும். சறுக்கிய சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகும். படலம் மின்சாரத்தையும் மறிப்பதால், தடத்தில் ஓடும் மின்சுற்றை நம்பியிருக்கும் சிக்னலுக்கு ரயில் அங்கே இருப்பதே தெரியாமல் போகலாம். அதனால் ஓட்டுநர்கள் வெகு முன்னதாகவே வேகத்தைக் குறைக்கிறார்கள். இரவில் தனி ரயில்கள் 1,500 பார் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சித் தண்டவாளத்தைச் சுரண்டிக்கொண்டு போகின்றன.

நீராவி எஞ்சின் காலத்தில் இது இவ்வளவு பெரிய தொல்லையாக இல்லை. பறக்கும் தீப்பொறிக்குப் பயந்து பாதை ஓரத்துச் செடிகொடிகளை ஆட்கள் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். 1968-இல் நீராவி முடிந்தது. அதன் பிறகு ஓரமெல்லாம் காடாக வளர்ந்தது. சக்கரத்தின் விளிம்பை உரசிப் பிடித்த பழைய பிரேக் கட்டை படலத்தையும் துடைத்துவிடும். வட்டுப் பிரேக் வந்ததும் அந்தத் துடைப்பும் போயிற்று.

அந்தக் கறுப்பு எப்படி வருகிறது என்று ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடியபோது கிடைத்த விடை எனக்கு வீட்டு அடுக்களையை நினைவூட்டியது. இலையில் உள்ள டானின், தண்டவாளத்தின் இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. இரும்புச் சட்டியில் நெல்லிக்காயைப் போட்டால் கறுத்துப்போகும் அல்லவா, அதே வினை. கலம்காரி எழுதுகிறவர்கள் கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய நீரைத் தொட்டு இழுப்பார்கள். நிறமே இல்லாத மாதிரி போகும் கோடு கண்ணெதிரே கறுப்பாகும். ஐரோப்பாவில் ஓக் மரத்தில் பூச்சி கட்டும் காய்ப்புகளையும் அன்னபேதியையும் சேர்த்து நூற்றாண்டுக் கணக்கில் மை காய்ச்சினார்கள். நியூட்டனின் குறிப்பேடுகள் அந்த மையில் எழுதியவை. எங்கள் ரயிலை நிறுத்தியது அதற்கு ஒன்றுவிட்ட உறவு.

இலைக்கு மட்டுமல்ல, பழத்துக்கும் இந்தப் பருவத்தில் ஒரு கெடு உண்டு. அக்டோபர் 10-க்குப் பிறகு வேலியோரத்து பிளாக்பெர்ரியைப் பறிக்காதே, சாத்தான் எச்சில் துப்பிவிட்டான் என்பது இந்த ஊர் நாட்டுவழக்கு. சாத்தான் சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்டு முட்புதரில் விழுந்தது புனித மைக்கேல் திருநாளில். அது செப்டம்பர் 29. பின் ஏன் அக்டோபர் 10? 1752-இல் பிரிட்டன் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியபோது, செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. பதினோரு நாள் காணாமல் போனது. நாட்டுப்புறத்துச் சாத்தான் பழைய கணக்கிலேயே இருந்துவிட்டான். துப்புவது என்னவோ பூஞ்சைதான். குளிர்ந்த ஈரத்தில் பழம் குழைந்து சாம்பல் பூத்துவிடும்.

நாள்காட்டியில் கைவைத்தவர்கள் கடிகாரத்தையும் விடவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு, அதிகாலை 2 மணி ஆனதும் முள் மறுபடி 1 மணிக்குத் திரும்பும். எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் பெட்ஸ் உட் என்ற காடு இருக்கிறது. வில்லியம் வில்லட் என்ற வீடு கட்டும் தொழிலதிபர் கோடைக் காலையில் அங்கே குதிரை சவாரி போவார். வெயில் ஏறிய பிறகும் வீடுகளில் திரைச்சீலை மூடியே இருப்பதைப் பார்த்து மனம் பொறாமல், 1907-இல் சொந்தக் காசில் ஒரு சிறு நூல் அச்சிட்டார். ஏப்ரல் ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாக நான்கு தவணையில் கடிகாரத்தை முன்னால் தள்ளி, செப்டம்பரில் அதே மாதிரி பின்னால் இழுக்கலாம் என்பது யோசனை. நாடாளுமன்றம் மீண்டும் மீண்டும் தள்ளிப் போட்டது. 1915-இல் அவர் இறந்தார். மறு ஆண்டு ஏப்ரல் 30-இல் நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி கடிகாரத்தைத் திருப்பியது. மூன்று வாரத்தில் பிரிட்டனும் திருப்பியது. கான்கர் சேர்த்த அதே போர். இந்தியாவும் ஒருமுறை இதைச் செய்தது: இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1945 வரை, நம் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின.

1968 அக்டோபரில் முள்ளைப் பின்னால் திருப்பாமலே விட்டுப் பார்த்தார்கள். மாலையில் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. காலையில் ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்குப் போனார்கள். மூன்று குளிர்காலத்தோடு கைவிட்டார்கள். எப்படித் திருப்பினாலும் இருக்கிற வெளிச்சம் எட்டு மணி நேரம்தானே.

பெட்ஸ் உட் காட்டுக்குள் வில்லட்டுக்கு நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. அதில் பதித்திருப்பது சூரியக் கடிகாரம். கோடை நேரத்துக்கு மட்டும் எண் போட்டிருக்கிறார்கள். போன ஆண்டு நேரம் மாறிய ஞாயிறன்று மகளை அங்கே அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவள் கோட்டுப் பையில் கான்கர்கள் கடகடத்தன. மெல்லிய வெயில்தான், நிழல் விழுந்தது. அவள் என் கைக்கடிகாரத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்து, “அப்பா, இது ஒரு மணி நேரம் கூடக் காட்டுதே” என்றாள். மார்ச் கடைசி ஞாயிறு வரை அது அப்படித்தான் காட்டும்.